உம் கொட்டியவள்

அந்த இசைத்தட்டில் பாட்டு அடங்கிப் பேச்சு தொடங்குகிற இடம் ஒன்று உண்டு. டிரம்ஸ் நின்றுவிடும். ஆர்கன் மட்டும் அடியில் முனகிக்கொண்டிருக்கும். ராஸ்கோ மேப்ரி பாடுவதை விட்டுவிட்டு, வேலியில் சாய்ந்துகொண்டு பக்கத்து வீட்டுக்காரனிடம் பேசுகிறவனைப் போல ஆரம்பிப்பான்: "எனக்கு ஒரு பொம்பளையைத் தெரியும்." அவனுக்குச் சற்றுத் தள்ளி ஒரு பெண் குரல் "உம்" என்னும். அவன் ஒரு வரி சொல்வான், அவள் "உம்" என்பாள். இன்னொரு வரி சொல்வான். "சொல்லு" என்பாள். தட்டு வெளிவந்த வருஷம் அலபாமாவில் ரேடியோ இருந்த எங்கள் கறுப்பு ஆட்கள் வீடு எதிலும் அந்த "உம்" கேட்காமல் ஒரு சனிக்கிழமை கழிந்ததில்லை.

கல்லூரி விடுதியில் என் அறைத்தோழன் பர்மிங்ஹாம்காரன். ஒருநாள் அதே இடத்தில் ஊசியைத் திரும்பத் திரும்ப வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"பேசறவன் கிடக்கான்டா. பின்னாடி உம் கொட்டறா பாரு, அவதான் பாட்டே."

"அவங்க எங்க ஊரு" என்றேன்.

"உங்க ஊர்லதான் ரோடே இல்லைன்னியே!"

"ரோடு இல்லைன்னா தொண்டையும் இருக்காதா?"

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். பட்டம் வாங்கி எங்கள் ஊரான சைப்ரஸ் க்ரீக்குக்குத் திரும்பிய கோடையில், அந்தக் குரலுக்கு உரியவரைப் பற்றி எழுதலாம் என்று மிஸ் ஐடெலின் வீட்டுக்குப் போனேன். எங்கள் பக்கம் மூத்த பெண்கள் எல்லாரும், கல்யாணமானாலும், மிஸ்தான். பள்ளிக்கூடச் சமையலறையில் எனக்கும் என் தம்பி தங்கைகளுக்கும் தட்டில் சோளரொட்டி வைத்தவர் அவர். விடுமுறை என்பதால் வீட்டில் இருந்தார். சமையல் மேசையில் பயற்றங்காயைக் கொட்டி உரித்துக்கொண்டிருந்தார். வந்த காரியத்தைச் சொன்னேன்.

"எழுதணுமா? ஊரே சிரிச்சு முடிச்சது. எழுதிக்கோ. ஆனா நான் சொல்ற மாதிரி எழுது. ராஸ்கோ சொன்ன மாதிரி வேண்டாம்." தோலை ஒரு பக்கம் தள்ளினார். "இன்னொண்ணு. நான் பேசறப்ப நீ உம் கொட்டக் கூடாது. உம் கொட்டினா எங்க நிறுத்தறதுன்னு எனக்குத் தெரியாமப் போயிடும்."

வாயை மூடிக்கொண்டு கேட்டேன். எங்கள் ஆட்களுக்கு அது சுலபமான வேலை இல்லை.

எங்கள் ஊர் சர்ச்சான மவுண்ட் நெபோ சபையில் யாரும் தனியாகப் பேச முடியாது. ஒருவர் எழுந்து சாட்சி சொன்னால், அந்த வாரம் பட்ட பாட்டை எல்லார் முன்னாலும் வைத்தால், உட்கார்ந்திருப்பவர்கள் "உம்", "ஆமாம்", "சொல்லுங்க" என்று தாங்கிப் பிடிக்க வேண்டும். பதில் வராவிட்டால் சொல்கிறவர் நடு வழியில் நின்றுவிடுவார். போதகருக்கே அதுதான் கதி.

ராஸ்கோவுக்குச் சின்ன வயதில் வாய் திக்கும். பாடும்போது திக்காது, பேசும்போதுதான். அவன் ஐந்து வயதில் ஈஸ்டர் வசனம் சொல்ல மேடையேறி, முதல் சொல்லிலேயே சிக்கிக்கொண்டு, எல்லாரும் பார்க்கக் கால்சட்டையை நனைத்தான். அவன் அக்காதான் ஐடெல். அன்றைக்கு அம்மா அவளிடம் சொன்னார்: "இனிமே அவன் வாயைத் திறந்தா நீ பக்கத்துல நில்லு. உன் சத்தம் காதுல விழுந்தா அவன் பேசிடுவான்." அப்படித்தான் ஆயிற்று. அவன் சொல்ல அவள் "உம்" என்றால் அடுத்த சொல் வந்துவிடும். கடையில் உப்பு வாங்கப் போனாலும் இரண்டு பேரும் சேர்ந்தே போனார்கள். வளர வளர அவனுக்குத் திக்குவது குறைந்தது, நாலு பேர் முன்னால் பேசுவதையும் தவிர்த்தான், ஊரே அதை மறந்தது. அவள் வாய் மட்டும் மறக்கவில்லை.

பெரியவர்களானதும் அக்காவும் தம்பியும் முதலில் சபைப் பாட்டுத்தான் பதிவு செய்தார்கள். காரின் பின்பெட்டியில் இசைத்தட்டுகளை அடுக்கிச் சபை சபையாகப் போய் விற்றார்கள். பிறகு ஆற்றங்கரை நகரத்தில் ஒரு சிறிய பதிவுக்கூடம் அவர்களைக் கூப்பிட்டது. கர்த்தரை விட்டுக் காதலைப் பாடத் தொடங்கினார்கள். 'ஐடெலும் ராஸ்கோவும்' என்று மஞ்சள் எழுத்தில் போட்ட சோல் இசைத் தட்டுகள் சில வந்தன. ஒன்றும் விற்கவில்லை.

அந்தக் காலத்தில்தான் ஐடெலின் புருஷன் லோன்சோ வீட்டை விட்டுப் போனான். வெகுதூரம் போகவில்லை. ஓடைக்கு அந்தப் பக்கம், தலைமுடி அலங்காரம் செய்து பிழைக்கும் ஓசெல்லாவின் வீட்டுக்குப் போனான். அதிலும் சிக்கல் என்னவென்றால், லோன்சோ மவுண்ட் நெபோவில் வாசல் காப்பவன். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் கையுறையும் போட்டுக்கொண்டு வருகிறவர்களை இருக்கையில் அமர்த்துவது அவன் வேலை. சட்டைகள் எல்லாம் ஐடெலின் வீட்டிலேயே இருந்தன.

"புருஷன் ஓடினது ஒரு அவமானம்" என்றார் மிஸ் ஐடெல். "அவன் அழுக்குச் சட்டையோட வாசல்ல நின்னா அது இன்னொரு அவமானம். ஊர் ஓசெல்லாவையா சொல்லும்? என்னைத்தான் சொல்லும். அப்ப எனக்கு அப்படித்தான் புத்தி போச்சு. சனிக்கிழமை சாயங்காலம் எல்லாத்தையும் தோய்ச்சு, கஞ்சி போட்டு, இஸ்திரி பண்ணி, கையில ஏந்திக்கிட்டு ஓடையைத் தாண்டிப் போனேன். படியில நின்னு, அவனை அனுப்பிடுன்னு அழுதேன். அவ சட்டையை மட்டும் வாங்கிக்கிட்டுக் கதவைச் சாத்திட்டா."

என்னை அறியாமல் "உம்" வந்துவிட்டது.

"என்ன சொன்னேன் உனக்கு?"

"மன்னிச்சுக்கோங்க, மிஸ் ஐடெல்."

இந்தக் கதையை அவர் ஒரே ஆளிடம்தான் சொன்னார், ஒரு நிகழ்ச்சிக்குப் போகிற வழியில், காரில், ராஸ்கோவிடம். அவனிடமும் முழுதாகச் சொல்லவில்லை. அவனிடம் சொல்லாமல் விட்டது இது: சட்டையை வாங்கிய ஓசெல்லா காலரை நிமிர்த்திப் பார்த்தாளாம். "கஞ்சி பத்தலையே" என்றாளாம்.

"நான் என்ன சொல்லியிருக்கணும்? நீ படிச்சவன், சொல்லு. 'அடுத்த வாரம் சரியாப் போடறேன்'னேன். அவ படியில போட்டு வெச்ச அழுக்குச் சட்டையை எடுத்து வந்து தோய்ச்சு, அடுத்த வாரமும் போனேன். குளிர்காலம் முழுக்கப் போனேன். லோன்சோ ஒரு நாளும் வெளியே வரலை. உள்ளே தட்டுல கரண்டி படற சத்தம் மட்டும் கேக்கும். அவ காலரைப் பார்ப்பா. சரியா இருந்தா தலையை ஆட்டுவா. அவ தலையை ஆட்டினா எனக்குச் சந்தோஷமா இருக்கும்." ஒரு பயற்றங்காயை உரித்துப் போட்டார். "சந்தோஷமா இருக்கும். அதைத்தான் யார்கிட்டயும் சொல்லலை."

இது நடந்து ஒரு வருஷம் ஆனபின் அந்தப் பதிவு. பதிவுக்கூடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரர் மிஸ்டர் டாயலுக்குப் பாட்டு பிடித்திருந்தது, நீளம் போதவில்லை. "நடுவுல எதையாவது பேசு, ராஸ்கோ" என்றார். "உங்க சர்ச்சுல எழுந்து பேசுவீங்களே, அந்த மாதிரி. மனசுல இருக்கிற ஏதாவது நிஜத்தைப் பேசு." சிவப்பு விளக்கு எரிந்தது. ஒரே மைக்கின் இரண்டு பக்கமும் அவர்கள் நின்றார்கள்.

"எனக்கு ஒரு பொம்பளையைத் தெரியும்."

"உம்."

"நல்ல பொம்பளை."

"ஆமாம்."

"புருஷன்காரன் வேற ஒருத்தி வீட்டுல போய்ப் படுத்துக்கிட்டான்."

"உம். சொல்லு."

"சனிக்கிழமை சாயங்காலம் அவ என்ன பண்ணா தெரியுமா? அவன் சட்டையை எல்லாம் எடுத்து..."

சட்டை என்ற சொல்லில்தான் அவளுக்குப் புரிந்தது. புரிந்த பிறகும் வாய் "சொல்லு" என்றது. "மூளைக்கு விஷயம் போய்ச் சேர்றதுக்குள்ள வாய் அது வேலையைப் பார்த்துடுச்சு" என்றார் மிஸ் ஐடெல். "சின்னதுல இருந்து பழகின வாய். நான் நிறுத்தினா அவன் திக்குவானேன்னு அதுக்குப் பயம்." கதவு சாத்தப்படுகிற இடத்தில் வருகிற கடைசி "உம்", அடிவயிற்றிலிருந்து எழும்பிப் பாதியில் உடைவது, கேட்டவர்கள் எல்லாரும் சொக்கிப்போனது, அது பாட்டே இல்லை. நடுத்தெருவில் துணி நழுவியவளின் சத்தம்.

கண்ணாடிக்குப் பின்னால் மிஸ்டர் டாயல் எழுந்து நின்று கைதட்டினார். இரண்டாவது முறை எடுக்க வேண்டாம் என்றார். நடைவழியில் ஐடெல் தம்பியின் சட்டைக்கையைப் பிடித்தாள்.

"அதை எடுத்துடச் சொல்லு, ராஸ்கோ."

"டெல், கவனிச்சியா? நான் திக்கவே இல்லை! ஒரு இடத்துலகூட!"

அவன் முகம் அப்படிப் பூரித்திருந்தது.

"ஊருக்குத் தெரிஞ்சு போயிடும்டா."

"உன் பேரைச் சொன்னேனா? லோன்சோ பேரைச் சொன்னேனா? யாரோ ஒரு பொம்பளை." பிறகு கொஞ்சம் தயங்கி, "வேண்டாம்னா நீ ஏன் உம் கொட்டினே?" என்றான்.

பிற்பாடு ஊரிலும் அதையேதான் கேட்டார்கள். தம்பி சொன்னான் சரி, இவளும் "சொல்லு சொல்லு" என்றாளே. அப்புறம் என்ன வெட்கம்?

தட்டு வெளிவந்தது. ரேடியோவில் முதல் முறை வந்தபோது அம்மா துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். முழுதும் கேட்டார். பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ரேடியோவை அணைத்து, ஐடெல் பக்கம் திரும்பினார்.

"எந்தச் சட்டை? கல்யாணத்துக்கு நான் தச்சுக் கொடுத்ததா?"

"ஆமாம்மா."

அம்மா அதற்குமேல் கேட்கவில்லை. சாகும்வரை சனிக்கிழமைகளில் அந்த வீட்டில் இஸ்திரிப் பெட்டி சூடேறவில்லை.

கடைவாசலில் உட்கார்ந்திருக்கும் ஆண்கள் அம்மாவைப் போல அதோடு விடவில்லை. "சிஸ்டர் ஐடெல், என்னோட சட்டையும் ஒண்ணு கசங்கிக் கிடக்கு" என்பான் ஒருவன். "உன் பொண்டாட்டி எந்த வீட்டுக்கு அனுப்பணும்னு சொல்லி அனுப்பினாளா?" என்று அவனைச் சீண்டுவான் இன்னொருவன். சபையில் பெண்கள் அவளிடம் கூடுதல் அன்பாகப் பேசினார்கள். அதுதான் தாங்கவில்லை.

வெளியூரில் வேறு மாதிரி. எந்தப் பெண் தொடங்கிவைத்தாளோ, நிகழ்ச்சிக்கு வருகிற பெண்கள் தேய்த்து மடித்த ஆண் சட்டைகளைக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். ராஸ்கோ பேச்சைத் தொடங்கியதும் தலைக்குமேல் பிடித்து ஆட்டுவார்கள். கடைசி "உம்"முக்கு எல்லாவற்றையும் மேடையில் வீசுவார்கள். கரகோஷத்தின் நடுவில், கணுக்கால்வரை வெள்ளைச் சட்டைகள் குவிய, மினுக்குக் கவுனில் ஐடெல் நிற்பாள். வீசுகிற பெண்களில் பாதிப் பேர் அழுவார்கள். அவர்களுக்கும் ஒரு படி, ஒரு கதவு இருந்திருக்கும். அவள் குனிந்து ஒரு காலரையாவது பார்த்துவிடக் கூடாது என்று நேராகவே பார்த்துக்கொண்டிருப்பாள்.

பர்மிங்ஹாம் நிகழ்ச்சி முடிந்து ஒப்பனை அறையில் இருந்தபோது கதவைத் தட்டாமல் ஒருத்தி உள்ளே வந்தாள். சிவப்புத் தொப்பி. ஓசெல்லா.

"பாட்டு பிரமாதம். ஆனா பாதிக் கதையைத்தானே சொல்றீங்க? காலரை விட்டுட்டீங்களே."

"என்ன காலர்?" என்றான் ராஸ்கோ.

"ஓசெல்லா, வெளியே போ" என்றாள் ஐடெல்.

"போறேன்மா. லோன்சோ என் வீட்டை விட்டும் போயாச்சு, தெரியும்ல? உனக்காவது பாட்டுக் கிடைச்சுது. நான் அன்னைக்குக் கதவைத் திறக்கலேன்னா உங்களுக்கு ஏது இந்தக் கவுனும் கூட்டமும்? ஒரு நன்றி சொன்னியா?"

ராஸ்கோ மரியாதையாக அவளை வாசல்வரை கூட்டிக்கொண்டு போனான். திரும்பி வர நேரமாயிற்று. பெண் தனியாகக் கார்வரை போக வேண்டாம் என்று நின்றிருப்பான் என ஐடெல் நினைத்துக்கொண்டாள்.

கம்பெனிக்கு இரண்டாம் பாகம் வேண்டியிருந்தது. "அந்தப் பேச்சு மாதிரியே இன்னொண்ணு" என்றார் மிஸ்டர் டாயல். ஐடெல் முடியாது என்றாள். ராஸ்கோ அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "இது வேற கதை, டெல். உன்னுது இல்லை. அம்மா மேல சத்தியம்." அவள் நம்பினாள். மறுபடியும் அதே மைக், அதே சிவப்பு விளக்கு.

"அந்தப் பொம்பளையை ஞாபகம் இருக்கா உங்களுக்கு?"

"உம்" என்று வந்துவிட்டது. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அவ அதோட நிக்கலை."

அவள் பதில் சொல்லவில்லை.

"மறு வாரமும் போனா. அந்த இன்னொருத்தி சட்டையை வாங்கி, கா... காலரை..."

அவன் காத்திருந்தான். ஆர்கன்காரர் அதே இரண்டு சுரத்தில் சுற்றிச் சுற்றி வந்தார். ஐடெலுக்கு எல்லாம் விளங்கியது. ஓசெல்லாவோடு கார்வரை போனவன் காலர் கதையைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறான். பற்களைக் கடித்துக்கொண்டாள்.

"கா... கா... கா..."

அந்த அறையில் ஐடெலைத் தவிர யாரும் ராஸ்கோ திக்கிக் கேட்டதில்லை. டிரம்காரர் குச்சிகளைத் தொடைமேல் வைத்தார். கிடார்க்காரன் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆர்கன் நின்றது. அதற்குப் பிறகும் அவன் முயன்றுகொண்டிருந்தான், கழுத்து நரம்பு புடைக்க, அவள் வாயையே பார்த்துக்கொண்டு.

"ஒரே ஒரு உம்" என்றார் மிஸ் ஐடெல். "அது போதும் அவனுக்கு. ஈஸ்டர் அன்னைக்கு மேடையில நின்ன அதே முகம். எனக்குத் தெரியும், என்னால தர முடியும். தரலை. எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சேன். ராஸ்கோ பொண்டாட்டி பின்னாடி சொன்னா, ரெண்டு பேருக்கும் சரியாப் போச்சுன்னு. சட்டைக்காகப் பட்டது ஒரு வெட்கம். இது வேற வெட்கம். ஒண்ணு வந்தா இன்னொண்ணு போயிடுமா?"

இரண்டாம் பாகம் வெளிவரவில்லை. பேச்சு இல்லாமல் வெறும் பாட்டாக இன்னும் இரண்டு தட்டுகள் போட்டார்கள். வாங்குகிறவர்கள் சட்டைக் கதை எங்கே என்று கேட்டார்கள். அத்தோடு முடிந்தது. ராஸ்கோ டெட்ராய்ட்டுக்குப் போய்க் கார் தொழிற்சாலையில் சேர்ந்தான். இயந்திர இரைச்சலில் யாரும் யாரோடும் பேச வேண்டியிருக்காது என்று எழுதினானாம். ஐடெல் பள்ளிக்கூடச் சமையலறைக்கு வந்தாள். அங்கே உடுப்புக்குக் கஞ்சி போட வேண்டியதில்லை.

வெளியூர் போனவர்கள் எல்லாரும் திரும்பி வரும் ஆகஸ்ட் ஞாயிறு, நான் மிஸ் ஐடெல் வீட்டுக்குப் போவதற்கு முந்தைய வாரம் வந்தது. ராஸ்கோ வந்திருந்தார். தலை நரைத்து, நல்ல சாம்பல் நிற கோட்டில். சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்தார். சபையார் கையில், சவ அடக்கக் கடைக்காரர் விளம்பரத்துக்குக் கொடுத்த அட்டை விசிறிகள் எல்லாம் அப்படியே நின்றன.

"எ... என் அக்காவுக்கு நான் ஒரு தப்பு பண்ணேன்."

"உம்" என்றது சபை. "மெதுவாச் சொல்லுங்க, பிரதர்."

"ஒரு சனிக்கிழமை அவ அந்தச் சட்டையை எல்லாம் எடுத்துக்கிட்டு..."

"ராஸ்கோ."

மூன்றாம் வரிசையிலிருந்து மிஸ் ஐடெலின் குரல். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அது என் கதை. உன் கதை இருந்தாச் சொல்லு. இல்லேன்னா உக்காரு."

யாரோ ஒருவர் விசிறிக்குப் பின்னால் சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பும் நின்றது. ராஸ்கோ முன்னிருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா வாய் திறந்துவிட்டதால் சபையில் யாருக்கும் உம் கொட்டத் துணிவு வரவில்லை.

"எனக்கு... எனக்குத் தி... திக்கும்" என்றார். எங்கள் வயதுக்காரர்களுக்கு அது அன்றுதான் தெரியும். "ஒரே ஒரு தடவை ஊரே கேக்கத் திக்காமப் பேசினேன். அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு. அதை விட ம... மனசு வரலை. மறுபடியும் பேசணும்னு, அவ சொல்லாததையும் போய்க் கேட்டு வாங்கினேன். எனக்கு வெ... வெ..."

அங்கே நின்றுவிட்டார். உதடு மட்டும் ஆடியது. மிஸ் ஐடெல் மடியில் இருந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் எல்லாரும் அவர் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"உம்" என்றார். "சொல்லு."

"வெட்கமா இருக்கு, டெல்."

அவர் உட்கார்ந்துவிட்டார். போதகர் அவசரமாக ஒரு பாட்டை எடுத்துக் கொடுத்தார். பிறகு மரத்தடியில் சாப்பாடு. மிஸ் ஐடெல் தம்பிக்குத் தட்டு போட்டுக் கொடுத்ததைப் பார்த்தேன். கோழியில் சதையே இல்லாத கழுத்துத் துண்டைத்தான் வைத்தார். தம்பிக்குப் பிடித்த துண்டு அதுதானா, வேண்டுமென்றே வைத்ததா, தெரியாது. ராஸ்கோ எலும்புவரை தின்றார்.

மிஸ் ஐடெலின் மேசையில் பயற்றங்காய் உரித்து முடிந்ததும், அதுவரை அடக்கி வைத்திருந்ததைக் கேட்டேன்.

"அன்னைக்கு ஞாயித்துக்கிழமை நீங்க சொன்ன உம்... அதுவும் பழக்கத்துல வாய்ல வந்ததா?"

"இல்லை" என்றார் மிஸ் ஐடெல். தோலை எல்லாம் இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனில் வழித்துக்கொண்டு எழுந்தார். "கொஞ்ச நேரம் வாயை மூடியே வெச்சிருந்தேன் பார்த்தியா? மூட முடியுதுன்னு தெரிஞ்சப்புறம் திறந்தேன். அது நானாக் கொட்டினது."

"உம்" என்றேன்.

இந்த முறை அவர் திட்டவில்லை.